‘செக்’ என்ற ஒரே சொல்லை வைத்து நான்கு அகராதிகளுக்கு ஒரு மதிப்புரை

ஒரு சொற்பிறப்பு அகராதியின் தரத்தை அறிய அரிய சொற்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவற்றின் வரலாறு பெரும்பாலும் ஒரே நேர்கோடு. எந்த அகராதியும் சரியாகச் சொல்லிவிடும். நாள்தோறும் வாயில் புழங்கும் சொல்தான் உரைகல். ‘செக்’ அப்படி ஒரு சொல். கணக்கைச் செக் பண்ணுகிறோம். விமானத்துக்குச் செக்-இன் செய்கிறோம். வங்கியில் செக் போடுகிறோம். கட்டம் போட்ட துணியைச் செக் என்கிறோம். ஓடையின் குறுக்கே செக் டேம் எழுப்புகிறோம். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவுக்குச் செக் வைக்கிறோம். இந்த ஆறும் ஒரே சொல்லா, ஒலியால் மட்டும் ஒன்றுபட்ட வெவ்வேறு சொற்களா?

இந்தக் கேள்வியோடு எட்டிம்ஆன்லைன், ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, விக்சனரி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி ஆகிய நான்கையும் அணுகலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கதையைத் தெரிந்துகொள்ள எட்டிம்ஆன்லைன் போதும். அந்தக் கதையை இன்னொருவரிடம் நிரூபிக்க வேண்டுமானால் ஆக்ஸ்போர்டு வேண்டும். 1500க்கு முந்தைய பகுதிக்கு மட்டும் என்றால் மிச்சிகன் அகராதி இலவசமாகவே அந்த வேலையைச் செய்யும். விக்சனரியின் இடம் வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

சரியான விடை எது?

விடை தெரியாமல் அகராதிகளுக்கு மதிப்பெண் போட முடியாது. பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். அதன் பழைய பாரசீக வடிவமும் வடமொழி ‘க்ஷத்ர’ என்ற சொல்லும் ‘ஆளுதல்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வகையில் ஷாவும் சத்திரியனும் தூரத்து உறவினர்கள். சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பிறகு ஐரோப்பாவுக்கும் போனது. ஆட்டத்தோடு ‘ஷா’ என்ற சொல்லும் போனது. இடைக்கால இலத்தீனில் ‘ஸ்காக்கஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’, 1300ஐ ஒட்டி ஆங்கிலத்தில் ‘செக்’. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையான ‘எஸ்செஸ்’ முதல் அசையை இழந்து ‘செஸ்’ ஆனது. அதாவது பிறப்பைப் பார்த்தால், செக் என்பதன் பன்மைதான் செஸ். ஸ்பானியர்கள் வேறு வழியில் போனார்கள்: அவர்கள் ஆட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் அரபு ‘ஷத்ரஞ்ச்’ வழியாக வந்தது, அந்த ஷத்ரஞ்ச் நம் சதுரங்கமேதான்.

இனிப் பொருள் எப்படிப் பெருகியது என்று பார்க்க வேண்டும். ராஜாவுக்குச் செக் விழுந்துவிட்டால் விருப்பப்பட்ட காயை நகர்த்த முடியாது. போட்டிருந்த திட்டமெல்லாம் அந்த இடத்தில் நின்றுபோகும். இந்த ‘நின்றுபோதல்’தான் முதல் திருப்பம். தடை, கட்டுப்பாடு, அடக்கிவைத்தல் என்ற பொருள்கள் இதிலிருந்து வந்தவை. நீரைத் தடுக்கும் செக் டேம், நீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வு, ஐஸ் ஹாக்கியில் எதிராளியை உடம்பால் மறிக்கும் செக், மோப்பம் தவறி வேட்டை நாய்கள் திகைத்து நிற்கும் செக் எல்லாம் இந்தக் கிளை.

இரண்டாம் திருப்பம் நுட்பமானது. தவறையும் மோசடியையும் தடுக்க வேண்டுமானால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். ஆகவே ‘தடு’ என்பது மெல்ல ‘ஒப்பிட்டுச் சரிபார்’ ஆனது. இன்று நமக்கு முதலில் நினைவுக்கு வரும் பொருள் இதுதான் என்பதால், இதையே மூலப்பொருள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வரிசை தலைகீழ். சரிபார்ப்பது பல நூற்றாண்டுகள் கழித்து வந்து சேர்ந்த பொருள்.

மூன்றாம் திருப்பத்தில், ஒப்பிட உதவும் பொருளுக்கே அந்தப் பெயர் வந்தது: கிழித்து வைத்துக்கொள்ளும் அடித்துண்டு, கோட்டை ஒப்படைத்துவிட்டு வாங்கும் வில்லை, பெட்டிக்குக் கட்டும் சீட்டு. வங்கிச் செக், அமெரிக்க உணவகத்தில் பில் என்ற பொருளில் நீட்டப்படும் செக், பெட்டியை ஒப்படைக்கும் செக்-இன் எல்லாம் இந்த வரிசையில் வருபவை.

கட்டம் போட்ட துணி இந்தப் பாதையில் வரவில்லை. அது சதுரங்கப் பலகை வழியாக வந்தது. பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்று பெயர். ஆங்கிலத்தில் அது ‘செக்கர்’ ஆகி, பிறகு ‘செக்’ என்று குறுகியது. இங்கிலாந்து அரசின் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்ததும் இந்தப் பலகையால்தான். 1170களில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி அந்தக் கணக்கு மேசையை விவரித்திருக்கிறார்: சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம், வைத்தது உருண்டு விழாதபடி நான்கு விரல்கடை உயரத்துக்கு விளிம்பு, மேலே ஆண்டுதோறும் ஈஸ்டர் பருவத்தில் வாங்கும் கறுப்புத் துணி, அதில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று பத்திக்குப் பத்தி வில்லைகளை வைத்து நகர்த்தினார்கள். ரோமன் எண்களை எழுதிக் கூட்டிக் கழிப்பது எவ்வளவு சிரமம் என்று ஒருமுறை முயன்று பார்த்தால் இந்த மேசையின் அருமை விளங்கும். ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டு பின்னால் புகுந்த பிழை. பிரெஞ்சு ‘எஸ்’ ஒலியை இலத்தீன் ‘எக்ஸ்’ என்று கருதி எழுத்தர்கள் திருத்திவிட்டார்கள்.

ஆக, ஆறும் ஒரே ராஜாவின் வாரிசுகள். ஐந்து காயின் வழியாக, ஒன்று பலகையின் வழியாக. இதை எந்த அகராதி எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதே கேள்வி.

எட்டிம்ஆன்லைன்

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனிமனிதர் தொடங்கி வளர்த்த தளம், இலவசம். ‘இதிலிருந்து இது, அதனால் அது’ என்று பொருள்களைச் சங்கிலியாகக் கோத்துச் சொல்வது இதன் பெரிய பலம். செக் போன்ற சொல்லுக்கு அதுதான் தேவை. சங்கிலியின் மூன்று திருப்பங்களும் ஒரே பத்தியில் கிடைத்துவிடும். வேறு எந்த அகராதியிலும் இவ்வளவு வேகமாகக் கிடைக்காது.

ஆனால் ஒரே பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு முடித்துவிடக் கூடாது. செக் பெயர்ச்சொல்லாக ஒரு பதிவு, வினைச்சொல்லாக ஒரு பதிவு, செக்கர், செக்மேட், செஸ், எக்ஸ்செக்கர், ஷா என்று தனித்தனிப் பதிவுகள். ஏழையும் திறந்தால்தான் படம் முழுமையாகும். கட்ட வடிவச் செக் தனி எண்ணோடு இரண்டாம் பதிவாக இருக்கும். முதல் பதிவோடு நிறுத்துபவர்கள் தவறவிடுவது அதைத்தான்.

இன்னொரு பொறி ஆண்டுகள். பொருளுக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டோ பத்தாண்டோ கொடுத்திருக்கும். அது அந்தச் சொல் பிறந்த நாள் இல்லை. நம் கைக்குத் தப்பிப் பிழைத்து வந்த மிகப் பழைய எழுத்துச் சான்றின் காலம். பேச்சில் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருந்திருக்கலாம். இதைத் தளமே தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. சொற்பிறப்பு என்பது சொல்லின் இன்றைய பொருள்விளக்கம் அல்ல என்றும் அது எச்சரிக்கிறது. ‘செக்கின் உண்மையான பொருள் அரசன்’ என்று வாதிடுபவர்கள் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

குறை என்றால் ஒன்றுதான், ஆனால் பெரியது: மேற்கோள் வரிகள் இல்லை. ஆண்டு இருக்கிறது, எந்த நூலில், எந்தத் தொடரில் என்பது இல்லை. ஒரு கூற்றின் மீது சந்தேகம் எழுந்தால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே அதைத் தீர்த்துக்கொள்ள வழி கிடையாது.

ஆக்ஸ்போர்டு

அந்த வழி இங்கே இருக்கிறது. இந்த அகராதியின் அமைப்பே மேற்கோள்களின் மேல் நிற்கிறது. 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் எழுந்த யோசனை, 1879இல் ஜேம்ஸ் மரேயின் கைக்கு வந்து, 1884இல் முதல் பகுதி வெளியாகி, 1928இல் முடிந்தது. 1989இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள், சுமார் 24 லட்சம் மேற்கோள்கள். 2000 முதல் இணையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வருகிறது. சந்தா கட்டித்தான் முழுதும் படிக்க முடியும்.

புதிதாக நுழைபவர்களைத் தடுமாற வைப்பது பொருள்களின் வரிசை. மாணவர் அகராதிகள் இன்று அதிகம் வழங்கும் பொருளை முதலில் வைக்கும். இது பழைய பொருளை முதலில் வைக்கும். ‘சரிபார்’ என்பதைத் தேடி வருபவர் சதுரங்கத்தில் தொடங்கி, வழக்கொழிந்த பல பொருள்களைக் கடந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். இது குறை இல்லை. செக் போன்ற சொல்லுக்கு இந்த வரிசையே பாதி விளக்கம். பொறுமையில்லாமல் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு வெளியேறுபவர்களுக்குத்தான் தவறான படம் கிடைக்கும்.

படிக்கும் முறை இது. முதல் சுற்றில் மேற்கோள்களை மறைத்துவிட்டுப் பொருள்களை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ரோமன் எண்கள் பெரிய கிளைகள். சாதாரண எண்கள் பொருள்கள். சிறிய எழுத்துகள் அவற்றின் உட்பிரிவுகள். கத்தி போன்ற குறி இருந்தால் அந்தப் பொருள் வழக்கொழிந்தது. கிளைகளின் தலைப்புகள் மனதில் பதிந்த பிறகு, இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் முதல் மேற்கோளை மட்டும் படியுங்கள். ஆண்டுக்கு முன்னால் ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால் ‘அந்த ஆண்டுக்கு முன்’ என்று பொருள். ‘சி’ இருந்தால் ‘ஏறக்குறைய’. இந்த ஓரெழுத்தைக் கவனிக்காமல் ஆண்டை அப்படியே எடுத்தாளுவது மிகப் பரவலான பிழை.

எதையும் எடுத்தாளும் முன் பதிவின் வரலாற்றுக் குறிப்பைப் பார்க்க வேண்டும். அந்தப் பதிவு எப்போது முதலில் வெளியானது, முழுதாகத் திருத்தப்பட்டதா இல்லையா என்று அங்கே இருக்கும். திருத்தப் பணி ஏ எழுத்தில் தொடங்கவில்லை. 2000இல் எம் எழுத்தில் தொடங்கியது. ஆகவே ஒரே அகராதிக்குள் நேற்றுத் திருத்திய பதிவும் நூறாண்டுக்கு மேல் பழையதும் அடுத்தடுத்து நிற்கும். இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே வடிவமைப்பில் தெரிவதால், வாசகர் இரண்டுக்கும் ஒரே நம்பகத்தன்மையைக் கொடுத்துவிடுகிறார்.

பொருள்களின் எண்ணிக்கை பார்த்து மலைக்க வேண்டாம். ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்குத் திருத்தப்பட்ட பதிவு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அதன் முன்னால் செக் எளிமையானதே. இந்த நுண்பிரிப்பால் கிடைக்கும் பலனும் உண்டு: காயும் மரத்தில் இழையோடு விழும் வெடிப்புக்கும் செக் என்று பெயர், போக்கரில் பந்தயம் கட்டாமல் முறையை அடுத்தவருக்கு விடுவதும் செக், வேட்டையை விட்டு வேறு பறவையைத் துரத்தும் ராஜாளி செய்வதும் செக். இந்தத் தொழில்வழக்குகளை மேற்கோளோடு ஒரே இடத்தில் காண இதைவிட நல்ல இடம் இல்லை.

வங்கிச் செக் என்ற கடினமான சோதனை

ஆங்கிலத்தில் வங்கிச் செக்குக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள். அமெரிக்கர் சாதாரணச் செக்கைப் போலவே எழுதுகிறார்கள். பிரிட்டிஷார் கியூ எழுத்தை நடுவில் வைக்கிறார்கள். கியூ வடிவம் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் சாயல் அதில் விழுந்திருக்கிறது. 1500க்குப் பிந்தைய காலத்தைத் தொடாத மிச்சிகனை விட்டுவிட்டால், இவ்வளவில் மற்ற மூன்றும் ஒத்துப்போகின்றன.

இணையத்தில் அடிக்கடி சுற்றும் ஒரு கூற்று வேறு. அரபியில் எழுத்துப்பூர்வமான பண உறுதிக்கு ‘ஸக்’ என்று பெயர். வங்கிச் செக் அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். ஒலி பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. அரபு வணிகர்களிடம் அப்படி ஓர் ஆவணம் பல நூற்றாண்டு முன்பே புழங்கியதும் உண்மை. இருந்தும் சொற்பிறப்பாக இது நிற்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தால் காரணம் புலப்படும்.

இடைநிலை வடிவங்கள் உண்டா? ‘ஷா’ ஆங்கிலத்துக்கு வந்த வழியில் இலத்தீனும் பிரெஞ்சும் படிப்படியாகச் சாட்சி சொல்கின்றன. ‘ஸக்’குக்கு அப்படி ஒரு படிக்கட்டு இல்லை. பிரெஞ்சு மொழியில் உள்ள வங்கிச் செக் ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியது; எதிர்த்திசையில் இல்லை. முதல் எழுத்துக்கூட்டல் எது? கியூ இல்லாத சாதாரணச் செக்தான். முதல் பொருள் எது? பணம் கொடுக்கச் சொல்லும் ஆணை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மோசடியைத் தடுக்க ஒப்பிட்டுப் பார்க்கும் அடித்துண்டு. அதாவது ‘தடு, ஒப்பிடு’ என்ற ஆங்கிலச் சங்கிலியில் இயல்பாக வரும் அடுத்த கண்ணி. பிறகுதான் அந்த அடித்துண்டு உள்ள தாளுக்கே பெயர் ஏறியது. பொருளின் வரலாறு வேறு, பெயரின் வரலாறு வேறு. முன்னது கிழக்கே பழமையானது என்பதால் பின்னதும் அங்கிருந்து வர வேண்டியதில்லை.

இந்த மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லும் மேற்கோளை முழு வரியாகத் தேட ஆக்ஸ்போர்டுக்குத்தான் போக வேண்டும். ஆக்ஸ்போர்டின் அருமை தெரியும் இடம் இதுதான்.

விக்சனரியின் இடம்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் விக்சனரியை ஒதுக்கிவிடுபவர்கள் அதன் தனிச்சிறப்பை இழக்கிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ள சொற்களைப் பிறப்பு வாரியாக எண்ணிட்டுப் பிரிப்பதும், ஒரு சொல்லின் வழித்தோன்றல்களை மொழிமொழியாகப் பட்டியலிடுவதும் இங்கே உண்டு. ஜெர்மன் ‘ஷாக்’, இத்தாலிய ‘ஸ்காக்கோ’, ரஷ்ய ‘ஷாக்’ ஆகியவை ஒரே குடும்பம் என்பது கிளை பிரித்துப் பார்க்கும்போதுதான் உறைக்கும். இன்றைய பிரெஞ்சில் அதே சொல் ஒருமையில் ‘தோல்வி’ என்று பொருள்படும், பன்மையில் சதுரங்கம்.

எடுத்தாளும் முன் வரலாற்றுப் பக்கத்தையும் விவாதப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பிறப்புப் பகுதி அண்மையில் யாராலோ மாற்றப்பட்டு, அதற்குச் சான்று குறிக்கப்படாமல் இருந்தால், அந்த வரியை இன்னொரு அகராதியில் உறுதிசெய்யாமல் தொடக்கூடாது. செக்மேட் இதற்கு நல்ல பயிற்சி. ‘ஷா மாத்’ என்பதில் ‘மாத்’ அரபியில் ‘இறந்தான்’ என்று தோன்றும்; பாரசீகத்தில் ‘திகைத்து வழியற்றுப் போனான்’. ஆட்டத்தின் தன்மைக்குப் பாரசீக விளக்கமே பொருத்தம். ஏனென்றால் சதுரங்கத்தில் ராஜா வெட்டப்படுவதே இல்லை. இரண்டையும் எடை போட்டுச் சொல்லும் பதிவு நல்ல பதிவு. ‘ராஜா செத்தான்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் பதிவு எந்தத் தளத்தில் இருந்தாலும் மதிப்பெண் குறைவுதான்.

மிச்சிகன் அகராதி

நால்வரில் குறைவாக அறியப்பட்டது. ஆனால் செக் போல 1500க்கு முன் ஆங்கிலத்தில் நுழைந்த சொற்களுக்கு மிகப் பெரிய புதையல். 1100 முதல் 1500 வரையான ஆங்கிலம், மேற்கோள்களோடு, இலவசமாக. 2001இல் நிறைவடைந்தது. தேடுவதில் மட்டும் ஒரு சிக்கல்: இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் எதுவும் கிடைக்காமல் போகலாம். தலைச்சொல்லோடு மாற்று வடிவங்களையும் சேர்த்துத் தேடும் தெரிவை இயக்க வேண்டும். check என்பதில் ‘கே’க்கு முன் வரும் ‘சி’யை விட்டுவிட்டு எழுதிப் பார்ப்பதும் உதவும். மேற்கோள்கள் இடைக்கால ஆங்கிலத்தில் இருப்பதால் முதலில் கண்ணைக் கட்டும். வாய்விட்டு ஒருமுறை படித்தால் பாதி புரிந்துவிடும்.

பணம் கட்டாமல் ஆக்ஸ்போர்டுக்கு மாற்று வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. 1500 வரை மிச்சிகன். இங்கிலாந்தில் வழங்கிய பிரெஞ்சு வடிவங்களுக்கு இலவசமாகவே கிடைக்கும் ஆங்கிலோ-நார்மன் அகராதி. அதில் ‘எஸ்செக்’ என்று தேட வேண்டும். அதற்குப் பிந்தைய காலத்துக்கு ஆக்ஸ்போர்டின் முதல் பதிப்பு. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஒளிநகல்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சி எழுத்துக்கான தொகுதி 1893ஆம் ஆண்டினுடையது. ‘தடு’ முதல் ‘சரிபார்’ வரை, அடித்துண்டு முதல் வங்கிச் செக் வரை எல்லாம் அதிலேயே மேற்கோளோடு இருக்கும். அதற்குப் பின் வந்த விடுதிச் செக்-இன், கணினியின் செக்ஸம் போன்றவை இருக்காது. அதில் காணும் முதல் ஆண்டுகளை இறுதியானவையாகக் கொள்ளவும் கூடாது; அதற்குப் பிறகு பழைய சான்றுகள் நிறையக் கண்டெடுக்கப்பட்டுவிட்டன.

சந்தா கட்டும் முன் இன்னொன்றையும் முயன்று பாருங்கள். பல பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் ஆக்ஸ்போர்டுக்கு நிறுவனச் சந்தா வைத்திருக்கின்றன. நூலக அட்டை எண்ணைக் கொண்டு வீட்டிலிருந்தே உள்ளே நுழையும் வசதி உள்நுழைவுப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் அட்டைக்கு அந்த வசதி உண்டா என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.